பின்னால் வருகிறவருக்கு நாலு வரி

ஸ்கார்பரோ, டொரன்டோ



தீபாவளி முடிந்தால் போதும், இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் டிசம்பர் மாதச் சென்னைப் பயணப் பேச்சு தொடங்கிவிடும். மார்கழிக் கச்சேரி, கபாலீசுவரர் கோயில், தி. நகரில் கல்யாண ஜவுளி, பெசன்ட் நகர் கடற்கரை என்று பட்டியல் நீளும். டிக்கெட் போட்ட கையோடு எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்விகள் வர ஆரம்பிக்கும். இந்த வருஷம் யார் பாடுகிறார் என்று கேட்பவர்கள் குறைவு. சபாவில் லிஃப்ட் உண்டா, கழிப்பறை எந்த மாடியில், காரை வாசல்வரை விடுவார்களா, அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கோயிலுக்கு எந்த வாசல் வழியாகக் கூட்டிப் போகலாம் என்பவைதான் அதிகம். கேட்பவர்களில் பலர் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஓடி ஏறிய வயதில் படிகளை யார் எண்ணினார்கள்?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் இன்று பதில் வைத்திருப்பவர், முன்பின் தெரியாத யாரோ ஒருவர். போன மாதம் அங்கே போய்வந்து, இணைய வரைபடத்தில் இரண்டு படமும் நாலு வரியும் போட்டு வைத்த ஒருவர். கூலியில்லாத அந்த வேலையைப் பற்றித்தான் இந்த மடல். அதை எல்லோரும் செய்யலாம். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற நாம் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

கூகுள் மேப்ஸில் இப்படி எழுதுகிறவர்களுக்கு ‘லோக்கல் கைட்ஸ்’ என்று பெயர். 2015இல் இந்த ஏற்பாடு வந்தது. ஒரு விமர்சனம் எழுதினால் 10 புள்ளி, அது 200 எழுத்தைத் தாண்டினால் இன்னும் 10, ஒரு படத்துக்கு 5. புள்ளி ஏறினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பதக்கம் தெரியும். காசாக எதுவும் கிடைக்காது. ஆனாலும் ராத்திரி உட்கார்ந்து பொறுமையாக எழுதுகிறார்கள். இந்த நல்ல மனசுக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் எழுதுவதில் பெரும்பகுதி சாப்பாடுதான். ரவா தோசையை மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்துப் போட்டிருப்பார்கள். அந்தக் கடையின் வாசல் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு படம் இருக்காது. போன முறை அம்மாவுடன் மாட வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு அப்போதுதான் முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. சாப்பிட்டு வந்ததும் நான் எழுதியது இதுதான்: வாசலில் மூன்று படி, முதல் படி மட்டும் உயரம் அதிகம். கைப்பிடி இல்லை, இடதுபக்கச் சுவரைப் பிடித்து ஏறலாம். உட்கார பெஞ்சு, சாய்மானம் கிடையாது. கை கழுவ இன்னொரு படி இறங்க வேண்டும், அங்கே தரை எப்போதும் ஈரம். காலை ஏழரைக்குள் போனால் நிற்க வேண்டியதில்லை. வாசல், பெஞ்சு, கை கழுவும் இடம் மூன்றையும் படமெடுத்துப் போட்டேன். இட்லியையும் கொத்சுவையும் மனதாரப் பாராட்டி ஒரு வரி சேர்த்தேன். அந்த மெஸ்ஸில் தினமும் சாப்பிடுகிறவருக்கு அந்த ஈரத் தரை கண்ணில் படாது. கால் தானாகப் பார்த்து நடக்கும். முதல்முறை வருகிற வெள்ளைக்காரருக்கோ பெஞ்சில் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது, டோக்கன் எங்கே வாங்குவது என்பதே புரியாது. நமக்கு ஊர்க்காரரின் நாக்கு இருக்கிறது, விருந்தாளியின் கண்ணும் இருக்கிறது. அதனால்தான் இது நம் வேலை என்கிறேன்.

தி. நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. 570 மீட்டர் நீளம். லிஃப்ட், நகரும் படிக்கட்டு இரண்டும் உண்டு. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் முதியவர்களை இழுத்துக்கொண்டு போன காலத்தை நினைத்தால் எவ்வளவு பெரிய உதவி! ஆனால் செய்தியில் படித்தது போதாது. லிஃப்ட் எந்த இறக்கத்தில் இருக்கிறது, அங்கே எந்தக் கடையை அடையாளம் வைப்பது, இன்று ஓடுகிறதா என்பதை நேற்று ஏறி இறங்கியவர்தான் சொல்ல முடியும். மயிலாப்பூரில் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை என்று ஒன்று உண்டு. பெயர்ப்பலகை கிடையாது, வீட்டு ஜன்னல் வழியே பஜ்ஜியும் பொங்கலும் வரும். அப்படிப்பட்ட கடையை வெளியூர்க்காரர் கண்டுபிடிக்க, சாப்பிட்டவர் எடுத்துப் போட்ட ஜன்னல் படமே விலாசம்.

இந்தப் பழக்கம் இணையத்தோடு வந்ததல்ல. நம் மதராஸில் சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் சுமார் நூறு பேரோடு காசிக்குக் கிளம்பினார். 1831 செப்டம்பரில் ஊர் திரும்பினார். வழிநெடுக எந்த ஊரில் சத்திரம் உண்டு, தண்ணீர் எப்படி, கடைத்தெருவில் என்ன கிடைக்கும், எந்த ஆற்றை எப்படிக் கடப்பது என்று தெலுங்கில் நாள்தோறும் எழுதி வைத்தார். அவர் காலமான பிறகு, 1838இல், நண்பர் சீனிவாச பிள்ளையின் முயற்சியில் ‘காசி யாத்ரா சரித்ரா’ என்ற புத்தகமாக அது வந்தது. தனக்குப் பின்னால் அதே வழியில் போகிறவன் தவிக்கக் கூடாது என்ற அக்கறை அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. நாம் கைபேசியில் எழுதும் நாலு வரிக்கும் அந்த அக்கறைதான் வேர்.

அந்த அக்கறை உயிர் காக்கும் அளவுக்கு வளர்ந்ததையும் பார்த்தோம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கியபோது, இங்கிருந்து போட்ட போன் எதுவும் போகவில்லை. அப்போது அருண் கணேஷ் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாக வைத்து ஒரு வெள்ள வரைபடம் போட்டார்கள். தண்ணீர் நிற்கிற தெருவைத் தொட்டால் அது நிறம் மாறும். ஊர்க்காரர்கள் தெருத் தெருவாகக் குறித்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் வீட்டுத் தெரு நனைந்திருக்கிறதா என்று இங்கே நாங்கள் விடியவிடியப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருக்களை வரைந்து வைத்தவர்கள் தன்னார்வலர்கள். அந்தத் தகவல் எந்த நிறுவனத்துக்கும் தனிச்சொத்து அல்ல, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதே வரைபடத்தின் மேல்தான் 2010இல் பெர்லினில் வீல்மேப் வந்தது. சக்கர நாற்காலி போகும் இடம் பச்சை, ஓரளவு போகும் இடம் மஞ்சள், போகாத இடம் சிவப்பு. மயிலாப்பூர் மெஸ்ஸுக்கும் அடையாறு மருந்துக்கடைக்கும் நாம் நிறம் போடலாம். கூகுளில் எழுதுகிறவர்கள் இந்த வரைபடத்திலும் ஒரு வரி போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நிறுவனத்திடம் மட்டும் ஊரின் நினைவை ஒப்படைப்பது சரியல்ல.

எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று தேதி. மாற்றுத்திறனாளிகள் அலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. பிறகு செப்பனிட்டார்கள். திறப்பு நாள் படத்தையும் புயலுக்கு மறுநாள் படத்தையும் தேதியில்லாமல் பார்க்கிறவர் எதை நம்புவார்? லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலையில் பாதைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாதமும் வருடமும் போட்டு எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது பழையதைத் திருத்துங்கள்.

நியாயமும் வேண்டும். பெரிய ஓட்டலுக்கு ஒரு நட்சத்திரம் குறைந்தால் ஒன்றும் ஆகாது. அப்பாவும் மகனும் மட்டும் நடத்தும் காபிக்கடைக்கு அது பிழைப்பு. ஒரு நாள் தாமதத்துக்காக ஒற்றை நட்சத்திரம் போடாதீர்கள். காசு வாங்கிப் புகழ்வது அதைவிடப் பாவம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தர நெறியை 2022இல் கொண்டுவந்தது. காசு கொடுத்து எழுதவைத்த விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்கிறது அது. படம் எடுப்பதிலும் நியாயம் வேண்டும்: கோயில் குளக்கரையில் கும்பிடுகிறவர்களின் முகம் தெரியப் படமெடுக்க நமக்கு உரிமை இல்லை. கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. உள்ளே படம் வேண்டாம், சொல் போதும். மத்தியானம் நடை சாத்தி, சாயங்காலம்தான் திறப்பார்கள் என்ற ஒரு வரியே, விமான அலுப்பில் பதினொரு மணிக்கு எழும் குடும்பத்துக்குப் பெரிய உபகாரம்.

இந்த டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களே, போகிற ஒவ்வோர் இடத்திலும் வாசலை ஒரு படம் எடுங்கள். படி, உட்காருமிடம், கழிப்பறை, கூட்டமில்லாத நேரம் நான்கையும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அதிகம் தேவைப்படுவது நம் அம்மா அப்பாவுக்குத்தான், அவர்களே படித்துக்கொள்வார்கள். சென்னையில் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம்: வாசலில் ஓர் இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதித்துவிட்டு, அன்றைக்கே அதைப் படமெடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு உங்கள் கடைக்கு வர இங்கே எத்தனையோ குடும்பங்கள் காத்திருக்கின்றன.

மற்றவை அடுத்த மடலில்.