கம்பெனி வீடு

கோலார் தங்கவயலுக்குப் பேரணாம்பட்டு வழியாகத்தான் போகவேண்டும் என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். ஆம்பூரிலிருந்து கிளம்பி, பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறி, ஆந்திரத்தின் வி.கோட்டாவில் டீ குடித்துவிட்டுக் கர்நாடகத்துக்குள் நுழைகிற வழி அது. கொண்டை ஊசி வளைவுகள் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். தக்காளிக் கூடை ஏற்றிய வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு எனக்குக் கழுத்து வலி கண்டது.

அப்பா சொன்னபடி கொஞ்சம் சுற்றி, பேத்தமங்கலா ஏரிக்கரைக்கும் போனோம். பாலாற்றை மறித்துத் தேக்கிய ஏரி. சுரங்கத்துக்கும் ஊருக்கும் இங்கிருந்துதான் குழாய் போனது. “இங்கயும் பாலாத்துத் தண்ணிதான் குடிச்சோம், அங்க ஆம்பூர்லயும் பாலாத்தங்கரைதான். என்ன, அங்க மணலுதான் இருக்கு” என்றார் அம்மா.

இந்த ஊரின் சுருக்கப் பெயரான கே.ஜி.எஃப். என் மகளுக்கு 2018-ல் வந்த படம். சுரங்கத்தில் துப்பாக்கி முனையில் அடிமைகளை வேலை வாங்குவதாகக் காட்டும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே அப்பாவுக்குக் கோபம் வரும். கஷ்டப்படவில்லை என்று அவர் சொல்லமாட்டார். மரச்சட்டம் முட்டுக் கொடுக்கும் டிம்பர்மேனாக சாம்பியன் ரீஃபில் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பாறை வெடித்துச் சிதறும் ‘ஏர் பிளாஸ்ட்’ எந்த ஷிப்டில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அடிமை என்ற சொல்தான் அவரைச் சுடும். “1930-லயே எல்லாரும் கைரேகை வைக்கணும்னு சட்டம் போட்டான். வைக்கமாட்டோம்னு ஸ்ட்ரைக் பண்ண ஊரு பாப்பா இது” என்று பேத்தியிடம் சொன்னார். அவருடைய அப்பா சொல்லி அவர் கேட்டது.

ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கே வேலையைத் தொடங்கிய பிறகு, வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வந்த இடத்தில் படித்தார்கள். அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் இங்கே மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை, அவர் மறைந்த பிறகு, 1926-ல் இங்கிருந்து மறுபடி கொண்டுவந்தார் ஜி. அப்பாதுரையார். 1965-ல் சாம்பியன் ரீஃபின் ஆழத்தில்தான் காற்றுமண்டல நியூட்ரினோவை விஞ்ஞானிகள் கண்டார்கள். படமெடுக்கிறவர்கள் கண்ணில் தங்கம் மட்டும் பட்டால் யாரைக் குறை சொல்வது.

ஊருக்குள் நுழையும்போதே மேடுகள் தெரிந்துவிட்டன. தங்கத்தைப் பிரிக்கப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்து, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டிக் குவித்த மலைகள். மழை அறுத்த வாய்க்கால்கள் உச்சியிலிருந்து அடிவரை ஓடுகின்றன. பங்குனி, சித்திரைக் காற்றில் அந்த மாவு சோற்றுத் தட்டுவரை வரும். அம்மா சோற்றுப்பானையை ஈரத்துணி போட்டு மூடுவது அதனால்தான். ஆம்பூரிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

எங்கள் லைன் (கம்பெனி வீட்டு வரிசை) அப்படியே இருந்தது, எங்கள் வீடுதான் இல்லை. கூரை போய், சுவர் இடுப்பளவு நிற்க, உள்ளே ஆமணக்குச் செடி. மகள் உள்ளே போய் நின்று பார்த்துவிட்டு, “இதுலயா அஞ்சு பேர் இருந்தீங்க?” என்றாள். ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். அதையும் எங்கள் வீடு என்று சொல்லத்தான் சொன்னோம். கூரை, தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாமே கம்பெனியுடையது. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்று பெயர் மாறியபோதும் ஜனங்களுக்கு அது கம்பெனிதான். 2001 பிப்ரவரி 28-ல் அது மூடப்பட்டபோது வேலையோடு காலடி மண்ணும் கேள்விக்குறியானது. நாங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிகளை நம்பிக் கிளம்பினோம்.

இரண்டு வீடு தள்ளி இன்னமும் குடியிருக்கும் சித்தப்பா (ரத்த உறவில்லை, ஒரே கேஜ் கூண்டில் அப்பாவோடு சுரங்கம் இறங்கியவர்) அப்பாவைக் கண்டதும் பேசவில்லை, முதலில் இருமினார். பிறகுதான், “வா அண்ணே, அண்ணி ஏன் இப்படி எளைச்சுட்டாங்க?” என்றார். அவர் மகன் வீட்டில் இல்லை. விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரிதான் திரும்புகிறானாம். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். பகலில் அங்கே கிழவர்களும் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகளும்தான்.

மதியம் சித்தி பருப்புக் கடைந்து கத்தரிக்காய் பொரித்தார். சாப்பிடும்போதே பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் காகிதக் கட்டோடு வந்தான். குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா கேட்டு மனு எழுதுகிறார்கள். சித்தப்பா குடும்பம் இந்த லைனில் எந்தக் காலத்திலிருந்து இருக்கிறது என்பதற்குக் கூட வேலை பார்த்தவர்கள் சாட்சி வேண்டுமாம். அப்பா கை கழுவிவிட்டு வந்து, கண்ணாடியை வாங்கி மாட்டி, முழு மனுவையும் வாய்விட்டுப் படித்தார். இரண்டு இடங்களில் எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னார். அவருக்காகக் காத்திருந்த பையன், வயசாளி என்று நினைத்தோ என்னவோ, மைப்பெட்டியைத் திறந்து நீட்டினான்.

“பேனா இல்லியா உங்கிட்ட?” என்று கேட்டார் அப்பா.

பேனா வந்தது. கையெழுத்துப் போட்டு, அடியில் தன் பழைய டோக்கன் நம்பரையும் எழுதினார். மனுவின் நகல் ஒன்று தனக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ராபர்ட்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடை தேடி அலைந்ததில் எங்களுக்கு அரை மணி நேரம் போனது.