அம்மாவின் வகுப்பும் ஆறு நாழி நெல்லும்

திண்டிவனத்தில் ஏறி “பிரம்மதேசம்” என்று மட்டும் சொன்னால், மரக்காணம் போகும் வழியில் இருக்கும் ஊருக்கு டிக்கெட் கிழித்துவிடுவார்கள். நாங்கள் போனது இன்னொரு பிரம்மதேசம். விக்கிரவாண்டி பக்கம், எண்ணாயிரத்துக்கு அருகில் இருக்கும் ஊர்.

சுற்றிலும் வயல். நடுவே பிரம்மபுரீஸ்வரர், பாதாளீஸ்வரர் என்று இரண்டு சோழர் காலக் கோயில்கள். சுவரெல்லாம் கல்வெட்டு. அம்மா விரலால் எழுத்துகளைத் தடவிக்கொண்டே வந்தார். எட்டாவதோடு படிப்பு நின்றவர். வயது 52. சமுதாயக் கல்லூரியில் தையல் வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்து ஒரு மாதமாகியும் நிரப்பவில்லை. “மக வயசுப் பிள்ளைங்களோட போய் ஒக்காரணுமா?” என்பதுதான் தயக்கம்.

அங்கிருந்து எண்ணாயிரம் நரசிம்மப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் இங்கே ஒரு கல்லூரி நடந்ததை இந்தக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். வேதம் படிக்க இத்தனை பேர், இலக்கணம் படிக்க இத்தனை பேர் என்று கணக்கு. இளநிலை மாணவருக்கு நாளுக்கு ஆறு நாழி நெல், மேல்நிலை மாணவருக்குப் பத்து நாழி. இதற்காக 45 வேலி நிலம்.

“சோத்துக் கவலை இல்லாம படிச்சிருக்காங்க” என்றார் அம்மா. பிறகு, “நம்மள மாதிரி ஆளுங்கள உள்ள விட்டிருப்பாங்களா?” என்று கேட்டார்.

விட்டிருக்க மாட்டார்கள். அது வேதம் ஓதும் பிராமண மாணவர்களுக்கான இடம். பெண்களுக்கு அங்கே இடமில்லை.

இன்று அந்தக் கதவு திறந்திருக்கிறது. 1995-ல் புதுச்சேரி பல்கலைக்கழகமும், அடுத்த ஆண்டு சென்னையில் சென்னை சமுதாயக் கல்லூரியும் தொடங்கிவைத்த வழி இது. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், வேலை தேடுபவர்கள், குடும்பத் தலைவிகள் எனப் பலரையும் நினைத்து உருவானவை இந்தக் கல்லூரிகள். தையல், கணினி, நோயாளி பராமரிப்பு, மின்பணி என்று கைத்தொழில் படிப்புகள். பாடத்தோடு பயிற்சியும் உண்டு. 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இத்தகைய படிப்புகளுக்கு வழி செய்தது.

வருமானம் ஒரு பலன். அதைவிடப் பெரியது, புதிதாக ஒன்று கைவந்துவிட்டது என்கிற தெம்பு. இளையவர்களோடு உட்கார்ந்தால் அவர்களிடம் செல்போன் நுணுக்கம் கிடைக்கும், நம்மிடம் அவர்களுக்கு அனுபவம் கிடைக்கும்.

சேரும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது அமைப்பின் பெயரில் வரும்? நேரடிப் பயிற்சி எங்கே, எத்தனை நாள்? மொத்தக் கட்டணம் எவ்வளவு?

நாலாவது கேள்வி வீட்டாருக்கு. அவர் வகுப்புக்குப் போகும் நாளில் அடுப்பை யார் பார்ப்பது? வயது யாரையும் தடுப்பதில்லை. வீட்டு வேலைதான் தடுக்கிறது. அன்று அரசன் ஆறு நாழி நெல் அளந்தான். இன்று அதைக் குடும்பம்தான் அளக்க வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவுக்குப் போன் போட்டார் அம்மா. “செவ்வாய், வியாழன் ராத்திரிச் சாப்பாடு உங்க பொறுப்பு. சரியா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அம்மா சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பேனாவைத் தேடினார்.