அறியாக் கூறு

முப்பரிமாண வெக்டர் ஒன்றுக்குக் கூறுகள் மூன்று. அவற்றுள் ஒன்றை மறைத்து, உறவைச் சொல்லி, 'மறைந்ததைக் காண்க' என்பது மேனிலைப் பள்ளிக் கணக்குகளின் வழக்கம். தமிழ் கற்பிக்கும் நாம், மகளின் பாடநூல் வழியே இக்கணக்குகளை நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் அமைந்தது.

முதலிரு கூறுகள் 2, −1, மூன்றாவது தெரியாது. அவ்வெக்டர் (3, 4, 1) என்பதற்குச் செங்குத்து என்றால் போதும். செங்குத்தான இரண்டின் புள்ளிப் பெருக்கம் சுழி. ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டினால், 6இல் 4 போக 2 எஞ்சும். அதைச் சுழியாக்க மூன்றாம் கூறு −2 ஆதல் வேண்டும். மாறாக, 'எண்ணளவு 3' என்று மட்டும் தந்திருந்தால்? வர்க்கங்களின் கூட்டுத்தொகை 9. அதில் 4உம் 1உம் போக எஞ்சுவது 4. விடை 2 ஆகலாம், −2உம் ஆகலாம். நீளம் அறிந்தவர் திசை அறிந்தவர் ஆகார்.

இரு கூறுகள் மறைந்தாலோ, முதற்சொன்ன செங்குத்து நிபந்தனை ஒன்று போதாது. (2, −1, −2) பொருந்தும், (2, 0, −6) பொருந்தும், (2, 1, −10)உம் பொருந்தும், இவ்வரிசைக்கு முடிவில்லை. (2, 2, 1) என்பதற்கும் செங்குத்து என்று இரண்டாம் நிபந்தனை சேர்ந்த பின்னரே முதலாவது மட்டும் நிலைக்கிறது.

"பொருந்துகிற ஒன்றை எழுதிவிட்டால் என்னப்பா? வெறுமனே விட்டால் மதிப்பெண் கிடைக்காதே" என்றாள் மகள். அவ்வினா நம்மை உறுத்தியது; ஏனெனில் அது நம் துறையின் வினாவும் ஆகும்.

புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தார். அத்தொகையில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. ஒரு சொல் மட்டும் அழிந்த இடத்தில் யாப்பும் பொருளும் நிபந்தனைகளாக நின்று அதைச் சுட்டக்கூடும். பாடலே இல்லாத இடத்தில் அவை என்ன செய்யும்? எனினும், பெயரொன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு புலவரின் ஊர், காலம், குலம் அனைத்தையும் அறுதியிடும் ஆய்வேடுகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். அவை பொருந்தாதவை அல்ல. பொருந்தக்கூடிய எண்ணற்றவற்றுள் ஒன்று, அவ்வளவே. பொருந்துவதனாலேயே அவற்றை மறுப்பதும் அரிதாகிறது.

இனி நம் மாணவர் ஆய்வேட்டுடன் வரும்போது, 'அறியாதவை எத்தனை, நிபந்தனைகள் எத்தனை?' என்று முதலில் கேட்கலாம் என்றிருக்கிறோம். 'தரவு போதாது' என்று எழுதுபவருக்கு மதிப்பெண் குறைக்காதிருப்பது நம் கடமை.