ஆபரேஷன் முடிஞ்சுது, கசிவு நிக்கலையா?

1/ புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட காஞ்சிபுரம் நெசவாளர்கள் "திரும்ப வருமா டாக்டர்?"னு சத்தமாவே கேப்பாங்க. வீட்டம்மா வெளியே போனப்புறம் மெதுவா இன்னொன்னு வரும்: "மிதியை அழுத்தினாலே சொட்டுது. முன்னாடி பட்டு. தறியில எப்படி உக்கார்றது?"
இந்த இழை அந்த ரெண்டாவது கேள்விக்கு.

2/ மூத்திரப்பைக்குக் கீழே இருக்கு புராஸ்டேட். அதை எடுக்கும்போது சிறுநீரைத் தடுக்கிற அமைப்பில் ஒரு பகுதியும் போயிடும். மிச்ச வேலையை இடுப்பின் அடித்தசைகள் பழகிக்கணும். அதுக்கு மாசக்கணக்கில் ஆகும்.

3/ பிரிட்டனின் 'ப்ரொடெக்ட்' ஆய்வில், அறுவை சிகிச்சைப் பிரிவில் 6 மாசத்தில் பேட் வச்சவங்க 46%. 6 வருஷத்தில் 17%. பெரும்பாலும் குறையுது, எல்லாருக்கும் முழுசா நிக்கிறதில்லை. ரெண்டுமே உண்மை.

4/ டியூப் எடுத்த பிறகு, உங்க டாக்டர் சொன்னதும் பயிற்சி ஆரம்பிங்க. வாயுவை அடக்குற மாதிரி இறுக்கி 5 விநாடி, தளர்த்தி 5 விநாடி. 10 தடவை, தினம் 3 வேளை. மூச்சை அடக்காதீங்க. இருமுறதுக்கும் எழுந்திருக்கிறதுக்கும் முன்னாடி ஒருதடவை இறுக்குங்க.

5/ கசியுதேன்னு தண்ணியைக் குறைக்காதீங்க. சிறுநீர் அடர்த்தியானா பை இன்னும் உறுத்தும். டீ, காபியைக் குறைங்க.

6/ விறைப்பு திரும்ப 2 வருஷம்கூட ஆகலாம்; சிலருக்கு முழுசா திரும்பாது. மருந்து இருக்கு. ஆனா நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுக்கிறவங்களுக்கு அது ஆபத்து, கடையில் தானா வாங்காதீங்க. மனைவிகிட்ட மறைக்காதீங்க; விலகிப் போறீங்கன்னு அவங்க நினைச்சுக்குவாங்க.

7/ ஒரு வருஷமாகியும் நனையுதா? ஸ்லிங், செயற்கை வால்வுன்னு சிகிச்சை இருக்கு. "உயிர் பிழைச்சதே போதும்"னு வாயை மூடிக்காதீங்க. கேளுங்க.