பந்தாய்ச் சுருளும் பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். மனிதனைக் கண்டு தானே நடுங்கும் பாம்பும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் வாழும் பந்து மலைப்பாம்பு அத்தகையது. அது நஞ்சற்றது, பெரும்பாலும் 5 அடிக்கு மேல் வளராதது. அச்சம் உற்றால் தலையை நடுவே மறைத்துப் பந்துபோற் சுருண்டுகொள்ளும். பெனின் நாட்டின் உய்தா நகரில் இதற்கெனக் கோயிலும் உண்டு.

மேலை நாட்டார் பலர் இதனை இல்லத்தில் வளர்க்கின்றனர். பழகியோர் இதன் தலையைப் பற்றார். இரு கைகளாலும் உடலைத் தாங்குவர். இரை உண்டபின் 2 நாளேனும் தீண்டார். தீண்டினால் உண்டதைக் கக்கிவிடுதல் கூடும். தோலுரிக்கும் முன்னர்க் கண்கள் பால்போல் மங்கிப் பார்வை குன்றும். அந்நாளில் அதனைத் தனியே விடுவர். கையில் இரையின் மணம் இருப்பின் கடிபட நேரும். ஆதலின் முன்னரே கை கழுவுவர்.

நாய் வாலாட்டித் தன் அன்பைக் காட்டும். பாம்பு அங்ஙனம் காட்டுவதில்லை. அது கையில் அசையாது சுருண்டு கிடப்பதைக் கண்டு, தன்பால் அன்பு கொண்டதென வளர்ப்பவன் மகிழ்கின்றான். அதுவோ அஞ்சிக் கிடக்கின்றது. அடக்கம் வேறு, அச்சம் வேறு. வாயற்ற உயிரிடத்து இவ்வேறுபாட்டை உணர்ந்து, அச்சம் தணியும்வரை பொறுத்திருப்பவனே அதனை வளர்க்கத் தக்கவன்.