கூடாரமும் திருவிழாவும்: தென் ஐரோப்பியக் கோடையில் நம் குடும்பங்கள்

ஜனவரி பிறந்துவிட்டால், பாரிஸ் புறநகரிலுள்ள எங்கள் வார இறுதி மதரஸாவின் வாசலில் பெற்றோர்களின் பேச்சு கோடை விடுமுறையைப் பற்றியதாகிவிடும். எங்களுள் பெரும்பாலோர் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்து இந்நாட்டில் வேரூன்றிய குடும்பத்தினர். ஆண்டுதோறும் ஊருக்குப் போய்வர விமானச் செலவு இடம் தருவதில்லை. ஊருக்குச் செல்லாத கோடைகளில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, கூடாரங்களைக் கார்களில் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்கோ போர்ச்சுகலுக்கோ புறப்படுவது சில ஆண்டுகளாக எங்கள் வழக்கமாக உள்ளது. இது பற்றிப் பிற ஊர்களில் வாழும் சகோதரர்களும் கேட்டு வருவதால், எங்களுக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகின்றோம்.

தென் ஐரோப்பாவில் கோடை என்றாலே திருவிழாக் காலம். ஜூன் 23 இரவில் எரியும் சான் ஹுவான் தீக்குவியல்கள் தொடங்கி, செப்டம்பர் முதல் வாரங்கள் வரை, ஏதேனும் ஓர் ஊரில் ஏதேனும் ஒரு விழா நடந்துகொண்டேயிருக்கும். பலர் முதலில் முகாம்தளத்தைப் பதிவு செய்துவிட்டு, போன பிறகே அவ்வூரில் என்ன விழா என்று அறிகின்றனர். நாங்கள் விழாக்களின் நாட்காட்டியை முதலில் விரித்து, அதன் பிறகே தளத்தைத் தேடுகின்றோம். பிள்ளைகள் எதைக் காண்பார்கள், எவ்வொலியில் உறங்குவார்கள், நாம் எவ்வேளையில் எங்கே தொழுவோம் என்பவற்றையெல்லாம் அந்நாட்காட்டியே முடிவு செய்கிறது. ஆகஸ்ட் 15 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, கிரேக்கம், பிரான்ஸ் ஆகிய அனைத்திலும் அன்று பொது விடுமுறை. அவ்வாரத்தில் கடற்கரைத் தளங்களில் இடம் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் விலை சுடும்.

சில விழாக்களை நாங்கள் பேச்சின்றித் தள்ளிவிடுகின்றோம். ஜூலை 7 முதல் 14 வரை பம்ப்லோனா நகரில் காளைகளை வீதியில் விரட்டி, மாலையில் அரங்கில் கொல்கின்றனர். அதில் நமக்கு வேலையில்லை. ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை புன்யோல் ஊரில் டன் கணக்கான தக்காளியை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுகின்றனர். பார்ப்பதற்கு வேடிக்கைதான். ஆயினும் ஒரு பருக்கை சோறு சிந்தினாலும் எடுத்து உண்ணும்படி வளர்த்த பிள்ளைகளுக்கு அதை எப்படி விளக்குவது?

புனிதர்களின் சிலைகளைச் சுமந்து வரும் ஊர்வலங்கள் வேறு வகை. அவை வழிபாடு. வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறர் வணங்குபவற்றைப் பழிக்கலாகாது என்பதும் நம் மறையின் கட்டளையே. ஊர்வலம் வரும் வேளையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம். ஏன் போகிறோம் என்று சொல்வோம். கேலிப் பேச்சுக்கு மட்டும் இடம் கொடோம்.

தொழுகையும் பயணத் திட்டத்தின் ஒரு பகுதியே. எங்களுள் ஷாஃபி மத்ஹபினரும் உண்டு, ஹனஃபி மத்ஹபினரும் உண்டு. ஷாஃபி மத்ஹபில், வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்க எண்ணினால், பயணிக்குரிய சலுகை நீங்கிவிடும். ஹனஃபி மத்ஹபில் இவ்வெல்லை பதினைந்து நாட்கள். ஆகவே ஒரு தளத்தில் மூன்று முழு நாட்களுக்கு மேல் தங்காமல் அடுத்த ஊருக்கு நகரும்படி திட்டமிடுகின்றோம். ஓர் ஊரின் விழாவைக் கண்டு களைப்பாறவும் அதுவே போதுமான காலம். ஜூலை இறுதியில் அலிகாந்தே கடற்கரையில் மஃரிப் இரவு ஒன்பதேகால் அளவில் வரும்; இஷா பதினொன்றை நெருங்கிவிடும். ஷாஃபி மத்ஹபினர் இரண்டையும் சேர்த்துத் தொழுதுவிட்டுப் பிள்ளைகளை உறங்கவைக்கின்றனர். ஹனஃபி சகோதரர்கள் இஷாவுக்காக விழித்திருக்கின்றனர். அவர்களே விழாக் கூச்சலுக்கு நடுவில் எங்கள் இரவுக் காவலர்கள்.

கிப்லா அங்கே கிழக்கிலிருந்து சற்றே தெற்காகச் சாய்ந்திருக்கும். குர்துபாவின் பெரிய பள்ளிவாசலைக் காணச் செல்வோர், அதன் மிஹ்ராப் அதைவிட வெகுவாகத் தெற்கு நோக்கி இருப்பதைக் கண்டு வியப்பர். 1236 முதல் தேவாலயமாக விளங்கும் அக்கட்டடத்தினுள் நாம் தொழ அனுமதியில்லை என்பதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தொழ விரும்புவோருக்குக் கிரனாடாவில், அல்ஹம்ராவுக்கு எதிர்க்குன்றில், 2003-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. ஒளுவுக்கு மூக்குக் கெண்டி எடுத்துச் செல்லுங்கள். பொதுக் கழுவு தொட்டியில் காலைத் தூக்கி வைப்பது மற்றவர்களுக்கு அருவருப்பாகத் தோன்றும். கெண்டி இருந்தால் அப்பேச்சே எழாது.

இனி, எங்களை மிகவும் யோசிக்கவைத்த விழாவுக்கு வருகின்றோம். வலென்சியா மாநிலத்தின் பல ஊர்களில் 'மூர்களும் கிறிஸ்தவர்களும்' என்ற பெயரில் விழா எடுக்கின்றனர். மூர்கள் என்பது முஸ்லிம்களைக் குறிக்கும். ஊரார் இரு படைகளாகப் பிரிந்து, பழைய போரை வீதியில் நடித்துக் காட்டுவர். முடிவில் மூர்கள் தோற்பார்கள். அலிகாந்தேயிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள வில்லாஹொயோசாவில் இவ்விழா ஜூலை 24 முதல் 31 வரை நடைபெறுகிறது. 1538-இல் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் அவ்வூரைத் தாக்க வந்ததையும், ஆற்றில் எழுந்த வெள்ளம் அவர்களை விரட்டியதையும் நினைவுகூரும் விழா அது. அவ்வெள்ளம் புனித மார்த்தாவின் அருள் என்பது ஊராரின் நம்பிக்கை. 28-ஆம் நாள் விடியற்காலையில் மூர்களின் படகுகள் கரையில் வந்திறங்கும்.

இதற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா என்று எங்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. தலைப்பாகை கட்டியவன் தோற்பதைக் கண்டு கைதட்டும் கூட்டத்தின் நடுவே நம் பிள்ளைகளை நிறுத்துவானேன் என்றனர் சிலர். பள்ளிப் பாடப்புத்தகத்திலும் தொலைக்காட்சியிலும் அவர்கள் அதைக் காணத்தான் போகிறார்கள். நம்மோடு நின்று காண்பது மேல் என்றனர் சிலர். பிள்ளைகளை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தினால் போகலாம் என்று முடிவாயிற்று.

முந்தின நாள் மாலை, எல் கம்பேயோவில் கூடாரத்தின் முன் பாய் விரித்து, வரலாற்றின் இரு பக்கங்களையும் சொன்னோம். 1538-இல் வந்தவர்கள் கலிமா சொன்னவர்கள்தாம். ஆயினும் அவர்கள் வந்தது கொள்ளையடிக்கவும் மனிதர்களை அடிமைகளாகப் பிடித்துச் செல்லவும்தான். பெயர் முஸ்லிம் பெயர் என்பதால் கொள்ளை ஹலாலாகிவிடாது. கிறிஸ்தவக் கப்பல்களும் அக்காலத்தில் முஸ்லிம் கரைகளில் இதையே செய்தன. மறுபுறம், இதே மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் தலைமுறை தலைமுறையாக உழுதுண்டு வாழ்ந்த முஸ்லிம் வழித்தோன்றல்களை 1609-இல் மூன்றாம் பிலிப் மன்னர் நாடு கடத்த ஆணையிட்டார். தெனியா, அலிகாந்தே முதலிய துறைமுகங்களிலிருந்து அவர்கள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுக்கென்று விழா எதுவும் நாங்கள் கண்டதில்லை. ஊர்ப் பெயர்களில் மட்டும் அவர்கள் இருக்கின்றனர்: பெனிதோர்ம், பெனிஸா, பெனியார்பேக். 'பனீ' என்றால் மக்கள், வழியினர் என்று அரபுப் பாடத்தில் படித்த பிள்ளைகள் சாலைப் பலகைகளை எண்ணத் தொடங்கிவிட்டனர். அரிசிக்கு 'அர்ரோஸ்', எண்ணெய்க்கு 'அஸேய்த்தே', வாய்க்காலுக்கு 'அஸெக்கியா' என ஸ்பானிய மொழியில் ஒளிந்திருக்கும் அரபுச் சொற்களைத் தேடுவதும் அவர்களுக்கு விளையாட்டாயிற்று.

"ஹஜரத், நாளைக்கு நாம எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. கரையில் நிற்கும் பக்கம் என்றோம். அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் டிராம் ஓடாத வேளையில் கார்களில் புறப்பட்டு, ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தோம். சுபுஹு வேளை வந்ததும் கூட்டத்திலிருந்து விலகி மணலில் அணிவகுத்தோம். கிப்லாவும் கடல் பக்கமே. நாங்கள் தொழுகையில் நின்றபோது, சற்றுத் தள்ளி மூர் வேடத்தில் இருந்த சிலர் உரக்கப் பாடிக்கொண்டிருந்தனர். திடீரென அவ்வோசை அடங்கியது. ஸலாம் கொடுத்துத் திரும்பினால், பெரிய தலைப்பாகையும் ஒட்டு மீசையுமாக ஒருவர், தம் கூட்டாளிகளைக் கையமர்த்தியபடி நின்றிருந்தார். பள்ளியில் ஸ்பானிய மொழி படிக்கும் எங்கள் பிள்ளைகளுள் ஒருத்தியிடம் பேச்சுக்கொடுத்தார். தம் பாட்டனாரும் தந்தையும் தாமும் மூன்று தலைமுறையாக மூர்கள் என்றும், தம் மகனைக் கிறிஸ்தவர் படையில் சேர்க்க மனம் வரவில்லை என்றும் அவர் சொன்னதை அவள் மொழிபெயர்த்தபோது, எங்கள் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. உடைகளின் அழகுக்காகவே பலர் மூர் படையை விரும்புகின்றனராம்.

எல்லா ஊர்களும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். உள்நாட்டு ஊர்கள் சிலவற்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரைத் தாங்கிய உருவப் பொம்மை விழாவில் இடம்பெறுகிறது. பொக்காயிரென்ட் ஊரார் அதன் தலையில் வெடி வைக்கும் வழக்கத்தை 2006-இல் கைவிட்டனர். அத்தகைய பொம்மை இருக்கும் ஊர்களுக்கு நாங்கள் செல்வதில்லை. விழா நிரலை முன்பே படித்துவிடுங்கள். துப்பாக்கி வெடியோசை கடுமையாக இருக்கும்; கைக்குழந்தைகளோடு செல்லாதிருப்பதே நன்று.

மனத்துக்கு எளிய இடம் தேடுவோருக்கு நாங்கள் போர்ச்சுகலின் தென்கோடியைச் சொல்வோம். அல்கார்வே என்ற பெயரே 'அல்-கர்ப்', அதாவது மேற்கு என்பதிலிருந்து வந்தது. அங்கே சில்வெஸ் நகரில், செம்மண் நிறக் கோட்டையின் அடியில் ஆகஸ்டில் பழங்காலச் சந்தை கூடுகிறது. மாலையில் தொடங்கும் வேளையில் போய், மதுவும் ஆட்டமும் மிகும் முன் திரும்பிவிடுவோம். வழியில் மெர்த்தோலாவில், பள்ளிவாசலாக இருந்து தேவாலயமாகிய கட்டடத்தில் மிஹ்ராப் இன்றும் அப்படியே உள்ளது. உணவைப் பொறுத்தவரை போர்ச்சுகல் நமக்குச் சொந்த ஊர் போலத்தான்: தெருவெல்லாம் மத்தி மீன் சுடுகின்றனர். கடைகளில் பன்றிக் கொழுப்பும் ஒயினும் சேர்ந்துள்ளனவா என்று கேட்டறிவது அவசியம்; சந்தையில் மீன் வாங்கி நாமே ஆணம் காய்ச்சுவது அதனினும் எளிது.

கரி அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் பல தளங்களில் கரி மூட்ட அனுமதியில்லை. கேஸ் அடுப்புக்கும் தளத்தாரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பதும் இந்நாடுகளில் பொதுவாகத் தடை. விழா ஊரிலிருந்து 15 முதல் 20 கி.மீ. தள்ளி, டிராம் அல்லது ரயில் நிலையம் அருகிலுள்ள தளமாகப் பாருங்கள். இரவில் அமைதியும் கிடைக்கும், விலையும் குறையும். ஆகஸ்டுக்கு இடம் வேண்டுமெனில் பிப்ரவரிக்குள் பதிவு செய்தாகவேண்டும். எங்கள் மதரஸாவில் இவ்வாண்டு ஆறு குடும்பங்கள் பெயர் கொடுத்துள்ளன. அச்சிறுமியின் வீட்டாரும் அதில் உள்ளனர். வில்லாஹொயோசாவுக்கே மீண்டும் போகவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.