பேரேட்டில் ஏறாத செலவு

எனக்குக் கிரிக்கெட் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஆனால் சம்பளப் பட்டியல் தெரியும். நாவல் எழுத வந்ததற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் மணலிப் பக்கத்து ஆலை ஒன்றில் சம்பளக் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். ஊரெல்லாம் தோனி அடித்த ஸிக்ஸரைப் பற்றிப் பேசும்போது, என் புத்தி மட்டும் அவருடைய சம்பளத்தின் பக்கம் போய் நிற்பதற்கு அந்தப் பழைய பழக்கம்தான் காரணம்.

எங்கள் சடையங்குப்பத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போக்கிடம் ஒன்றே ஒன்றுதான்: டீக்கடை. ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு; மறுபக்கம் ஆலைப் புகைபோக்கியின் நுனியில் அணையாமல் எரியும் நெருப்பு. நடுவில் பெஞ்சியும் டெலிவிஷனும். 2025-ம் வருஷம் மார்ச் 28-ம் தேதி அந்தப் பெஞ்சியில் நானும் மேஸ்திரி அண்ணனும் உட்கார்ந்திருந்தோம். சேப்பாக்கத்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆட்டம். சென்னையின் பாடு மோசம். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், போனார்கள். அசுவின்கூட வந்து போய்விட்டார். ஒன்பதாவது ஆளாகத்தான் தோனி மட்டையுடன் இறங்கினார். அதற்குள் ஆட்டம் கையைவிட்டுப் போயிருந்தது. ஆனாலும் கடைசி ஓவரில் பந்து கூட்டத்துக்குள் பறந்தபோது கடையில் இருந்தவர்கள் விசிலடித்த சப்தத்தில், சாலையில் போன டிரெய்லர் லாரியின் இரைச்சலே கேட்கவில்லை. ஐம்பது ரன் வித்தியாசத்தில் தோற்ற ஆட்டம் அது. பார்த்தவர்கள் என்னவோ ஜெயித்தவர்கள் மாதிரிதான் எழுந்து போனார்கள்.

மேஸ்திரி மட்டும் விசிலடிக்கவில்லை.

"இன்னா தம்பி, எம்மாம் சம்பளம் இவுருக்கு?" என்றார்.

"நாலு கோடி, அண்ணே."

"இதுக்கு முன்னே?"

"பன்னிரண்டு."

அவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ இவுரையும் காண்ட்ராக்ட்ல சேத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்வதற்கு முன்னால், அந்த நாலு கோடிக் கணக்கைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

நில உச்சவரம்பு என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். 1961-ம் வருஷத்துச் சட்டம். ஒரு குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர்தான் என்று சர்க்கார் கோடு கிழித்தது. கிரிக்கெட் சந்தையிலும் அப்படி ஒரு கோடு உண்டு. ஐ.பி.எல். போட்டியில் எவ்வளவு பெரிய பணக்காரர் கட்சி வைத்திருந்தாலும், ஆட்டக்காரர்களை எடுப்பதற்கு இத்தனை கோடிதான் செலவழிக்கலாம். அதற்குமேல் ஒரு ரூபாய் கூடாது. எல்லாருக்கும் ஒரே அளவு பை. ஆகையால் ஒருவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாமல் போகும் ரூபாய். சம்பளக் குமாஸ்தாவுக்கு இதைவிட ருசியான கணக்கு உலகத்தில் இல்லை.

2008-ல் அந்தப் பை 50 லட்சம் டாலர். அதில் 15 லட்சத்தைக் கொடுத்து தோனியை வாங்கியது சென்னை; அதாவது பத்தில் மூன்று பங்கு. 2018-ல் பை 80 கோடி ரூபாய்; தோனிக்கு 15 கோடி. 2022-ல் பை 90 கோடி. ஜடேஜாவுக்கு 16 கோடி, தோனிக்கு 12 கோடி. 2025-ல் பை 120 கோடியாக வீங்கியபோது தோனியின் பங்கு 4 கோடி, முப்பதில் ஒன்று. ருதுராஜ் கெய்க்வாடுக்கும் ஜடேஜாவுக்கும் ஆளுக்கு 18, பதிரணாவுக்கு 13, சிவம் துபேக்கு 12, இவருக்கு 4. மொத்தம் 65 கோடியில் ஐந்து பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மீதி 55 கோடியுடன் ஏலத்துக்குப் போனார்கள். பழைய 12 கோடியே இருந்திருந்தால் 47 கோடியுடன்தான் போயிருக்க வேண்டும்.

நாலு கோடி எப்படி வந்தது? அதில்தான் இருக்கிறது சாமர்த்தியம். இந்தியாவுக்காக ஒருதரம்கூட ஆடாத புதுப் பையன்களுக்கென்று ஒரு தனித் தலைப்பு உண்டு. அதற்கு நாலு கோடி என்பது விதி. சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்து வருஷம் ஆன இந்தியர்களையும் அந்தத் தலைப்பிலேயே சேர்க்கலாம் என்று ஒரு விதி 2021 வரை இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள், 2024 செப்டம்பரில் மறுபடியும் கொண்டுவந்தார்கள். தோனி இந்தியாவுக்காகக் கடைசியாக ஆடியது 2019 ஜூலையில். ஆக, இரண்டு உலகக் கோப்பைகளை வாங்கிக் கொடுத்த மனிதர், நாற்பத்துமூன்று வயதில், ஏட்டின்படி புதுப் பையன் ஆகிவிட்டார். விதி அவர் ஒருவருக்கென்று இல்லை. ராஜஸ்தானும் சந்தீப் சர்மாவை அதே விதியில் நாலு கோடிக்கு வைத்துக்கொண்டது. உச்சவரம்பு வந்தவுடனே நிலம் மருமகன் பேருக்கும் மைத்துனன் பேருக்கும் மாறியதில்லையா? ஆனால் இதில் கள்ளம் இல்லை. எல்லாம் பகிரங்கமாக, விதிப்படி நடந்த காரியம். தலைப்புத்தான் வேறே.

தலைப்பை மாற்றி எழுதுவது எனக்குத் தெரிந்த வித்தை. அதனால்தான் சிரிப்பு வரவில்லை.

மேஸ்திரி எங்கள் ஆலையில் பிட்டராக இருந்தவர். பம்பின் மேல் நீளமான திருப்புளியின் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குள் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "பேரிங் இன்னும் பத்து நாள் தாங்கும்" என்பார். பதினோராம் நாள் வரை யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. ஒன்பதாம் நாளே மாற்றிவிடுவார்கள். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது பூர்த்தியானபோது ஆலைக்குப் பெரிய கவலை வந்தது. அவர் போனால் இரண்டு பையன்களையாவது எடுத்துப் பழக்க வேண்டும். பழகுகிற வரைக்கும் இரட்டைச் செலவு.

அப்போது ஒரு யோசனை சொன்னவன் நான்தான். நிரந்தரப் பதவியை முடித்துவிடலாம். அதே மனிதரை ஒப்பந்தக்காரர் மூலம் எடுத்துக்கொள்ளலாம். பாதிச் சம்பளம் போதும். அதுவும் சம்பளப் பட்டியலில் வராது, பராமரிப்புச் செலவில் போய்விடும் என்று அரைப் பக்கக் குறிப்பு எழுதினேன். மானேஜர் "பிரமாதம்" என்றார். அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டதுகூட நினைவு இருக்கிறது.

மேஸ்திரி ஆட்சேபிக்கவில்லை. வீட்டில் சும்மா இருப்பதற்கு இது மேல் என்றார். இரண்டு தடவை மட்டும் என்னிடம் வந்து, "தம்பி, எங்கூட ஒரு பையனை நிக்க வையி. எங்க தெருப் பையன் ஒருத்தன் இருக்கான். காது நல்லாருக்கு" என்று சொன்னார். நான் குறிப்பு எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. எப்படி வரும்? காலியிடம் என்று ஒன்று இருந்தால் அல்லவா ஆள் எடுப்பார்கள்? வேலை பாதி விலைக்கு நடந்துகொண்டிருந்தது. முழு விலை கொடுத்திருந்தால், வருஷத்துக்கு ஒருதரமாவது யாராவது ஒரு அதிகாரி, "இந்தக் கிழவர் போனால் என்ன செய்வது?" என்று கேட்டிருப்பார். விலை மலிந்ததும் கேள்வியும் மலிந்துவிட்டது.

ஆறு வருஷம் போயிற்று. ஒரு நாள் காலை மேஸ்திரிக்குப் பேரிங்கின் சப்தம் கேட்கவில்லை. பம்பு இறுகிப்போய் ஆலை இரண்டு நாள் நின்றது. நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை. மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். காது நல்லாயிருந்த அந்தத் தெருப் பையன் அதற்குள் டிரெய்லர் லாரி ஓட்டப் போய்விட்டான். இன்றும் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு எங்கள் டீக்கடையைத் தாண்டித்தான் போகிறான்.

அமெரிக்காவில் கால்பந்து என்று கையால் ஆடுகிற ஓர் ஆட்டம் உண்டு. அங்கேயும் 1994 முதல் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. டாம் பிரேடி என்பவர் அந்த ஆட்டத்தின் தோனி. நாற்பத்தைந்து வயது வரை ஆடினார். அவருக்குக் கொடுத்த பெரும் தொகையைத் தாம்பா பே கட்சி ஒரே வருஷத்தில் கணக்கு எழுதாமல், அவர் ஆடப்போகாத வருஷங்களின் மேலும் பெயருக்குப் பரப்பி எழுதிற்று. 2023-ல் அவர் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனதும், மிச்சமெல்லாம் திரண்டு வந்து தலையில் விழுந்தது. சுமார் மூன்றரைக் கோடி டாலர். அந்த வருஷத்து உச்சவரம்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆடாத மனிதருக்கு அத்தனை! கேட்பதற்கு அநியாயமாகத் தோன்றும். எனக்கு என்னவோ அதுதான் யோக்கியமான பேரேடு என்று படுகிறது. கடனை ஒத்திப்போட்டாலும் கடன் ஏட்டில் இருக்கிறது. நம்முடைய நாலு கோடியில் ஒத்திப்போட்டது எதுவோ, அது எந்த ஏட்டிலும் இல்லை.

தோனியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கம்பெடுத்துக்கொண்டு வரவேண்டாம். அதே மார்ச் மாதத்தில், 23-ம் தேதி, மும்பையின் சூர்யகுமார் யாதவ் காலை முன்னால் வைத்துத் திரும்புவதற்குள் அவர் ஸ்டம்பைத் தட்டிவிட்டதை நானும் பார்த்தேன். கை இன்னும் கைதான். பொறுப்பைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்றும் சொல்ல முடியாது. 2022-ல் தலைமையை ஜடேஜாவிடம் கொடுத்தார். பாதியிலேயே அது திரும்பி வந்தது. 2024-ல் கெய்க்வாடிடம் கொடுத்தார். 2025-ல் அவர் முழங்கையில் அடிபட்டு உட்கார்ந்ததும் மறுபடி திரும்பி வந்தது. கூட்டமோ அவரைப் பார்க்கத்தான் வருகிறது. அந்தக் கூட்டம் கொண்டுவரும் பணம் நாலு கோடியைப் போல் பல மடங்கு இருக்கும். ஆனால் உச்சவரம்பு இருப்பதால் அந்தப் பணத்தைக் கொண்டு ஒரு பந்து வீச்சாளரைக்கூட வாங்க முடியாது. அவரால் வருகிற லாபமும் ஆட்டக்காரர் கணக்கில் ஏறவில்லை. அவர் நிற்கிற இடத்தின் விலையும் ஏறவில்லை. பதினொரு இடத்தில் ஓர் இடம் என்பதை மட்டும் எந்த விதியாலும் முப்பதில் ஒன்றாகக் குறைக்க முடியாது.

அந்த வருஷம் சென்னை பதினாலு ஆட்டத்தில் நாலில் ஜெயித்து, பத்துக் கட்சிகளில் பத்தாவதாக வந்தது. அப்படிக் கடைசியில் நின்றது அதுவே முதல் தடவை. கெய்க்வாடுக்குப் பதிலாக நடுவில் வந்து சேர்ந்த ஆயுஷ் மாத்ரே என்ற பதினேழு வயதுப் பையன், மே 3-ம் தேதி பெங்களூரில் 94 ரன் அடித்தான். ஒருவர் முழங்கை அடிபட்டதால் அவனுக்கு இடம் கிடைத்தது. அடிபடாவிட்டால்?

நவம்பரில் ஜடேஜாவையும் ஸாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, விக்கெட் காக்கத் தெரிந்த ஸஞ்சு ஸாம்ஸனை வாங்கிக்கொண்டார்கள். டிசம்பர் 16-ம் தேதி ஏலத்தில், பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு வாலிபர்களை எடுத்தார்கள். இந்தியாவுக்கு ஆடாதவர்கள். தோனி இருக்கிற அதே தலைப்பு. விலை, ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம்!

மறுநாள் காலை இந்தச் சமாசாரத்தை எடுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கெயவரும் இருக்காரா?"

"இருக்கிறார், அண்ணே. அடுத்த வருஷத்துக்கும் அதே நாலு கோடி."

"அப்ப சரி. பசங்க ரெண்டு பேரும் ஒரு வருசம் அவுரு பக்கத்துல நிக்கட்டும். ரூவா இன்னா ரூவா."

எனக்கு அந்த அரைப் பக்கக் குறிப்பு ஞாபகம் வந்தது. பல வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன்: "உங்களைக் காண்ட்ராக்டில் போடச் சொல்லி எழுதினவன் நான்தான், அண்ணே."

"தெரியும்" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சம்பளத்தைக் கொறச்சது பரவால்ல. பையனை வுடலியே."

மோட்டாரை மூட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டார். திருப்புளியின் நுனியை அதன்மேல் ஊன்றி, கைப்பிடியை என் காதுப்பக்கம் நீட்டினார்.

"இன்னா கேக்குது?"

"ஒரே இரைச்சலாக இருக்கிறது."

"ஆறு மாசம் கேட்டா தெரியும்" என்றார் மேஸ்திரி, சுவிட்சை அணைத்தவாறே.